பெயரை நம்பாதீர்கள்: நண்டு, பூச்சி நியூரோபெப்டைடுகள் பற்றிச் சில கேள்விகள்

நண்டு எங்கே, ஈ எங்கே! இரண்டின் நியூரோபெப்டைடுகளை, அதாவது நரம்பு செல்கள் சுரக்கும் குட்டிப் புரதத் துண்டுகளான ஹார்மோன்களை, ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

நிறையவே. நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளின் பரம்பரைக்குள்ளிருந்து பிரிந்து தரைக்கு வந்த ஒரு கிளைதான் பூச்சிகள். எனவே இது அந்நியர்களை அருகருகே நிறுத்திப் பார்ப்பதல்ல, பங்காளிகளின் வீட்டுச் சாமான்களை ஒப்பிடுவது.

இறாலில் நிறத்தை மாற்றும் ஹார்மோன்தான் வெட்டுக்கிளியில் கொழுப்பைக் கரைக்கிறது என்று படித்தேன். உண்மையா?

ஏறக்குறைய உண்மை. சிவப்பு நிறமியைக் குவிக்கும் ஹார்மோனை 1972இல் ஃபெர்ன்லுண்டும் யோசஃப்சனும் வடகடல் இறாலின் கண்காம்புகளிலிருந்து பிரித்து, அதன் அமினோ அமில வரிசையைக் கண்டறிந்தார்கள். மொத்தம் 8 அமினோ அமிலங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வெட்டுக்கிளியின் அடிப்போகைனெடிக் ஹார்மோன் வந்தது. பறக்கும்போது கொழுப்புத் திசுவிலிருந்து எரிபொருளை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. நீளம் 10. அதன் முதல் எட்டை இறாலின் எட்டோடு பொருத்திப் பாருங்கள், ஆறு இடங்கள் அப்படியே ஒத்துப்போகும்.

ஒன்றை எடுத்து மற்றதில் ஊசி போட்டால்? இறாலின் ஹார்மோன் வெட்டுக்கிளியில் கொழுப்பைச் சேமிப்பிலிருந்து வெளியே எடுக்கிறது. வெட்டுக்கிளியின் ஹார்மோன் இறாலில் நிறத்தைக் குவிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது பச்சை நாற்றப்பூச்சியின் கதை. அதனிடம் இருப்பது இறாலின் பெப்டைடேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அங்கே நிறத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கொழுப்பு வேலையைத்தான் பார்க்கிறது. ஆக, வேலையைத் தீர்மானிப்பது பெப்டைடு மட்டுமல்ல. அதைப் பிடிக்கும் ஏற்பி (செல்லில் உள்ள ஒரு புரதம்) எந்தத் திசுவில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறமியைப் பரப்பும் ஹார்மோனும் இப்படித்தானா?

ஆமாம். இரு பக்கமும் 18 அமினோ அமிலங்கள். இறாலில் நிறமியைப் பரப்புகிறது. பழ ஈயின் மூளையிலோ உயிரியல் கடிகாரத்தின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியே அதுதான்.

'ஓட்டுடலி இதய ஊக்கி பெப்டைடு' பூச்சியில் தோலுரிப்பைக் கவனிக்கிறதாம். பெயர் தவறா?

தவறில்லை, அரைகுறை. 1987இல் கரையோர நண்டில் கண்டுபிடித்தபோது அதை இதயத்தில் சோதித்தார்கள், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பூச்சிகளில் பழைய தோலிலிருந்து வெளியேறும் அசைவுகளை நடத்துவதில் அதற்குப் பங்குண்டு. அப்புறம் நண்டிலேயே தோலுரிக்கும் நேரத்தில் பார்த்தால், இரத்தத்தில் அது ஏகமாக ஏறியிருந்தது! பூச்சியின் இதயத்தையும் அது வேகப்படுத்துகிறது. தேடிய இடம்தான் வேறாக இருந்தது.

பண்ணைகளில் பெண் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கினால் முட்டை சீக்கிரம் வருகிறது. பூச்சியில் இதற்கு இணை உண்டா?

கண்காம்பில் உள்ள சைனஸ் சுரப்பி ஒரு கிடங்கு. சினை வளர்ச்சியையும் தோலுரிப்பையும் அடக்கி வைக்கும் ஹார்மோன்கள், இரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன் எல்லாம் அங்கேதான் சேமிக்கப்படுகின்றன. எனவே 'ஒரு ஹார்மோனை நிறுத்துகிறோம்' என்று சொல்வது சரியல்ல. அந்தச் சர்க்கரை ஹார்மோனுக்குப் பூச்சியில் நெருங்கிய உறவு உண்டு: வெட்டுக்கிளியின் பின்குடலில் உப்பையும் நீரையும் மீட்கும் அயனி கடத்து பெப்டைடு. இரண்டிலும் பெப்டைடின் மடிப்பைப் பிடித்து நிறுத்தும் மூன்று டைசல்பைடு பாலங்கள் (கந்தக இணைப்புகள்). ஆனால் கிடங்கை அப்படியே வெட்டி எடுக்கும் வசதி பூச்சியில் இல்லை, அதன் கிடங்கு தலைக்குள் மூளையை ஒட்டியே இருக்கிறது.

ஓர் உயிரியின் மரபணுத் தொகுதியில் புரோக்டோலின் என்ற நியூரோபெப்டைடைத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த உயிரியில் அது இல்லை என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். புரோக்டோலின் வெறும் 5 அமினோ அமிலம். 1975இல் அதைப் பிரிக்க 1,25,000 கரப்பான்பூச்சிகள் தேவைப்பட்டன. இன்று கணினியில் தேடுகிறோம், ஆனால் இவ்வளவு குட்டி வரிசையைச் சாதாரண ஒப்பீட்டு மென்பொருள் கோட்டைவிடும். பெப்டைடு வெட்டி எடுக்கப்படும் பெரிய முன்னோடிப் புரதத்தின் சமிக்ஞைப் பகுதியையும் (சுரப்புக்கு அனுப்பும் முகவரி போன்றது), லைசின்-ஆர்ஜினின் என்ற அமினோ அமில ஜோடி போன்ற வெட்டும் இடங்களையும் பார்த்துத் தேடுங்கள். பிறகு ஏற்பியின் மரபணுவையும் தேடுங்கள். அது பெரியது, எளிதில் சிக்கும். தேனீயில் பெப்டைடு, ஏற்பி இரண்டுமே கிடைக்கவில்லை. அதனால்தான் அங்கே 'இல்லை' என்று தைரியமாகச் சொல்கிறார்கள். உங்கள் உயிரியில் ஏற்பி மட்டும் தென்பட்டால், பெப்டைடை இன்னும் தேடவேண்டியிருக்கிறது என்றுதான் பொருள்.