பேஸ்பால் வீசும் மகனுக்கு முழங்கை வலி: கோளாறு கையில்தானா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். 13 வயது மகன் பேஸ்பால் டீமில் வலது கை பிட்சர், அதாவது பந்து வீசுபவன். இந்த சீசனில்தான் பெரிய மைதானத்துக்கு மாறினான். ஒரே வருடத்தில் 9 செ.மீ. வளர்ந்துவிட்டான். மூன்று வாரமாக, பந்து வீசும்போது முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்கிறான். மறுநாள் குறைந்துவிடுகிறது. ‘தோளைச் சீக்கிரம் திறந்துவிடுகிறான், இடுப்பும் கையும் சேரவில்லை’ என்கிறார் கோச். எடை கூடிய பந்துகளை வீசிக் கையைப் பலப்படுத்தலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: பந்து வீசுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வயதில் முழங்கையின் உட்புறம் வலித்தால், மறுநாளே குறைந்தாலும், வேறு காரணம் தெரியும்வரை வளர்ச்சித் தட்டின் பாதிப்பு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கை எலும்பின் கீழ்முனையில் உட்பக்கமாகத் துருத்தி நிற்கும் மேடு 13 வயதில் இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. நடுவே குருத்தெலும்பு இருக்கும், அதுதான் வளர்ச்சித் தட்டு. ஆண்பிள்ளைகளுக்கு அது சேர 15 முதல் 17 வயது வரை ஆகும். முன்கைத் தசைகளும் மூட்டின் உட்புறத் தசைநாரும் அந்த மேட்டில்தான் பிடித்திருக்கின்றன. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியக்கூடிய அதே இழுப்பில் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு விலகுகிறது. அமெரிக்காவில் ‘லிட்டில் லீக் எல்போ’ என்பது இதைத்தான்.

எலும்பு மருத்துவரிடம் இரண்டு முழங்கைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வலிக்கும் கையின் படத்தை மட்டும் பார்த்தால் தட்டு விரிந்திருக்கிறதா, இயல்பே அப்படியா என்று சொல்வது கடினம். ஒரே வீச்சில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு வலி வந்தாலோ, கையை முழுக்க நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். வலி வெளிப்புறத்துக்கு மாறினாலும் தள்ளிப்போடாதீர்கள். அது வேறு வியாதி, இன்னும் பிடிவாதமானது. வலி மாத்திரை கொடுத்து ஆட்டத்துக்கு அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கோச் சொல்வது அனேகமாகச் சரி. முன்கால் தரையில் பதிந்ததிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை ஆகும் நேரம் சுமார் 0.15 வினாடி. அதற்குள் ஓர் ஒழுங்கு நடக்க வேண்டும். அந்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடக்கும்போது இடுப்பு தன் உச்ச வேகத்தில் சுழலும். பாதி கடக்கும்போது மார்பின் முறை. கடைசியில்தான் முழங்கை நீளும், மேற்கை உள்நோக்கிச் சுழலும். இடுப்பு திரும்பத் தொடங்கியும் மார்பு பின்தங்கி நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில், ஈரத் துணியைப் பிழிவதுபோல நடு உடம்பு முறுக்கேறுகிறது. கைக்குப் போகும் வேகம் பெருமளவு அந்த முறுக்கிலிருந்தும் கால்களிலிருந்தும் வருவது.

மார்பு இடுப்போடு சேர்ந்தே திரும்பிவிட்டால் முறுக்கு இல்லை. ‘தோளைச் சீக்கிரம் திறப்பது’ என்று கோச் சொல்வது இதைத்தான். உடம்பு முன்னே போய்விடும், கை பின்னால் கிடக்கும். இழந்த வேகத்தைக் கை தனியாக ஈடுகட்டப் பார்க்கும். முன்கை பின்னோக்கிச் சாய்ந்து, திரும்பி முன்னே வரப் புறப்படும் கணத்தில் முழங்கையின் உட்புறம் பிளக்கப் பார்க்கும் விசை உச்சத்தைத் தொடுகிறது. வளர்ந்த தொழில்முறை பிட்சர்களில் அது 60 நியூட்டன் மீட்டரை (மூட்டை வளைக்கும் விசையின் அளவு) தாண்டும். சிறுவர்களில் சுமார் 28. அதாவது 25 செ.மீ. நீள முன்கையின் நுனியில் 11 கிலோவைத் தொங்கவிட்டு மூட்டைப் பக்கவாட்டில் வளைப்பதற்குச் சமம், அதுவும் ஒவ்வொரு வீச்சிலும். ஆய்வகத்தில் சோதித்தால், பெரியவர்களின் தசைநார்கூடத் தனியாக 32–34 நியூட்டன் மீட்டரில் அறுந்துபோகிறது. மீதிச் சுமையை முன்கைத் தசைகளும் மூட்டின் அமைப்பும் தாங்குகின்றன. தசை களைத்தால் அந்தத் தாங்கல் குறையும். கடைசி இன்னிங்ஸ்களில் வலி கூடுகிறதா என்று அவனைக் கேட்டுப் பாருங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே கையை ஏறக்குறைய நேராக வைத்தே சுழற்ற வேண்டும். பேஸ்பாலில் முழங்கையை 90 டிகிரி அளவுக்கு மடித்து, பின்னால் சாய்த்து, பிறகு நீட்டி எறிவதுதான் முறை. ‘கையை நேரா வை’ என்று வீட்டில் திருத்த வேண்டாம்.

வலிக்கு முன் யாராவது எடுத்த ஸ்லோ-மோ வீடியோ இருந்தால் தேடுங்கள். சாதாரண வீடியோவில் இந்த 0.15 வினாடிக்கு நாலைந்து படம்தான் கிடைக்கும். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ-மோவில் சுமார் 36 கிடைக்கும். வலது கைக்காரன் என்பதால் மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து (வீசத் தொடங்கும்போது அவன் மார்பு பார்க்கும் பக்கம்) ஒன்று, கேட்சருக்கு (வீசிய பந்தைப் பிடிப்பவர்) பின்னாலிருந்து ஒன்று இருந்தால் நல்லது. முன்பாதம் முழுதாகப் பதியும் படத்தில் நிறுத்துங்கள். பெல்ட் பக்கிள் ஹோம் பிளேட் (பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்) பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். சட்டையில் உள்ள எழுத்துகள் இன்னும் மூன்றாம் பேஸைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் கோச் சொன்ன கோளாறு அதுதான். அதே படத்தில் முழங்கை தோள் உயரத்தில் இருக்கிறதா, பந்து முழங்கைக்கு மேலே ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். பந்து கீழேயே இருந்தால் கை தாமதம். பிறகு பாதம்: விரல்கள் ஹோம் பிளேட்டையோ சற்றே மூன்றாம் பேஸ் பக்கமோ காட்ட வேண்டும். பாதம் முதல் பேஸ் பக்கம் தள்ளிப் பதிந்தால் இடுப்பு திறந்துவிடும், தோளும் கூடவே போகும். பல பிள்ளைகளுக்குப் பாதத்தைச் சரிசெய்தாலே தோள் பாதி சரியாகிவிடும். ‘தோளைத் திறக்காதே’ என்று கத்தினால் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். தரையில் ஒரு கோடு போட்டு அதில் மிதிக்கச் சொல்வது மேல்.

இந்த வயதில் ஏன் வருகிறது? 12 வயதுவரை அவன் 14 மீட்டர் தூரத்துக்கு வீசினான், இப்போது 18.44 மீட்டர். பந்தின் எடை அதேதான். கூடவே 9 செ.மீ. வளர்ச்சி. எலும்பு நீண்ட வேகத்துக்குத் தசையும் பழகிய நேரக்கணக்கும் ஈடுகொடுக்கவில்லை. போன வருடம் சரியாக விழுந்த காலடி இந்த வருடம் வேறு இடத்தில் விழுகிறது.

ஓய்வு என்றால் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். எக்ஸ்ரேயில் தட்டு விரிந்திருந்தால் கூடலாம். அந்த நாட்களில் கைக்கு வேலை வேண்டாம், இடுப்புக்குக் கொடுங்கள். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை 90 டிகிரி மடித்து, பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்தால் இடுப்பின் உள்சுழற்சி தெரியும். இடது கால், அதாவது அவன் மிதித்து இறங்கும் கால், வலதைவிடத் தெளிவாகக் குறைவாகத் திரும்பினால் இடுப்பு பாதியில் நின்றுவிடும். அந்தச் சுமையும் கைக்குத்தான் போகும். நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழுந்து உட்காருவது, காலுக்கு 8 முறை, 2 சுற்று. முழங்கால் உள்ளே மடங்கினால் அங்கேயே நிறுத்தி, நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள். பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து உடம்பைத் தூக்கி நிறுத்துவது) பக்கத்துக்கு 20–30 வினாடி. மீதியைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

அழுத்தினால் வலியில்லை, கை முழுதாக நீள்கிறது, பிடிவலு மறு கைக்கு இணை என்று ஆன பிறகுதான் பந்து. ஒருநாள் விட்டு ஒருநாள், சமதரையில் 14 மீட்டர் தூரத்தில் 25 வீச்சு, 10 நிமிட இடைவெளி, மறுபடி 25. வலியில்லாமல் இரண்டு முறை முடித்தால் அடுத்து 18, பிறகு 27 மீட்டர். மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மண்மேடு) ஏறுவது அதற்குப் பின், பாதி வேகத்தில், ஃபாஸ்ட்பால் (வளைக்காமல் நேராக வீசும் பந்து) மட்டும். வலி வந்தால் ஒரு படி கீழே.

எடை கூடிய பந்து இப்போது வேண்டாம். 13 முதல் 18 வயது பிட்சர்களிடம் ஆறு வாரம் நடத்திய ஓர் ஆய்வில் பந்தின் வேகம் கூடியது உண்மை. ஆனால் அந்தப் பயிற்சியைச் செய்தவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கையில் காயம், செய்யாதவர்களில் யாருக்கும் இல்லை. வளர்ச்சித் தட்டு வலிக்கும் பையனுக்கு இதைச் சொல்பவர் கோச்சாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

திரும்பி ஆடும்போது 13–14 வயதுக்கு ஒரு நாளில் 95 வீச்சு உச்சவரம்பு. அதை எட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. 21–35 வீசினால் ஒரு நாள், 36–50 என்றால் இரண்டு, 51–65 என்றால் மூன்று, 66க்கு மேல் நாலு நாள் ஓய்வு. பிட்ச் செய்த ஆட்டத்திலேயே கேட்சராக நிற்கக் கூடாது, கேட்சராகத் திருப்பி எறியும் வீச்சுகளைக் கை தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளாது. பள்ளி டீம், கிளப் டீம் இரண்டிலும் ஆடினால் எண்ணிக்கையை ஒரே நோட்டில் நீங்களே எழுதுங்கள், இரண்டு கோச்சுகளும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது அபூர்வம்.