மாத்திரை எடுத்தும் வேலைகள் தேங்குகின்றன: ஏ.டி.எச்.டி.க்கு கோச்சிங் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பதை மனநல மருத்துவர் சென்ற ஆண்டு உறுதிசெய்தார். அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுத்துவருகிறேன். உட்கார்ந்தால் கவனமாகப் படிக்க முடிகிறது. ஆனாலும் பில் கட்ட மறக்கிறேன், அலுவலக அறிக்கையைக் கெடுவுக்கு முந்தின இரவுதான் தொடங்குகிறேன், எங்கும் தாமதமாகவே போய்ச் சேர்கிறேன். கோச்சிங் எடுத்தால் மாறுமா? அதில் என்ன செய்வார்கள்?

பதில்: மாற வாய்ப்பு உண்டு, கோச்சிங் சரியான முறையில் நடந்தால். உங்கள் மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மூளையில் டோபமின், நார்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருட்களின் அளவைக் கூட்டி, கவனத்தை நிலைநிறுத்த அது உதவுகிறது. அந்தக் கவனம் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதை அது முடிவு செய்யாது. மாத்திரை போட்ட கையோடு கைப்பேசியை எடுத்தால், அதிலேயே ஒன்றிப்போய்விடவும் முடியும். எதை முதலில் எடுப்பது, எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பது எல்லாம் தனியாகக் கட்டியெழுப்ப வேண்டிய திறன்கள்.

உங்களுக்கு அறிவுரை தேவையில்லை. அறிக்கையை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில், அந்த இடத்தில் செய்ய முடியாமல் போவதுதான் ஏ.டி.எச்.டி. எனவே நல்ல கோச் உங்கள் மன உறுதியை நம்பித் திட்டம் போடமாட்டார். வேலை நடக்கும் இடத்திலேயே உங்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கும்படி ஏற்பாடு செய்வார்.

பொதுவாக வாரம் ஒரு முறை 30 முதல் 60 நிமிடம் பேசுவீர்கள். நடுவில் ஓரிரு முறை குறுஞ்செய்தியில் ‘தொடங்கியாச்சா?’ என்று விசாரிப்பார். என் கணிப்பில், கோச்சிங்கின் பாதி பலன் இந்தச் சிறு விசாரிப்பில்தான் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. மூளைக்கு அடுத்த வாரக் கெடு தொலைவில் தெரியும். இன்று மாலை ஒருவர் கேட்பார் என்பது பக்கத்தில் தெரியும்.

உங்கள் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். ‘அறிக்கை எழுத வேண்டும்’ என்பது இன்னும் தொடங்கக்கூடிய வேலையாகவில்லை. ‘காலை உணவு முடிந்து மேசையில் உட்கார்ந்ததும், மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், கோப்பைத் திறந்து தலைப்புகளை மட்டும் 10 நிமிடம் எழுதுவேன்’ என்பதுதான் தொடங்கக்கூடிய வேலை. எதற்குப் பிறகு, எங்கே, எது முதல் அசைவு, எவ்வளவு நேரம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 10 நிமிடமும் மலைப்பாக இருந்தால் 5 ஆக்குங்கள். அப்படியும் தொடங்க முடியாவிட்டால், வீடியோ அழைப்பில் இன்னொருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். இதை ‘பாடி டபுளிங்’ என்பார்கள். அவர் உதவ வேண்டியதில்லை, உடன் இருந்தால் போதும்.

தாமதத்துக்கு வேறு வழி. நாள்காட்டியில் சந்திப்பு நேரத்தை எழுதாமல் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். இரண்டு அலாரம் வையுங்கள்: ஒன்று கையில் உள்ள வேலையை நிறுத்த, மற்றது வாசலைத் தாண்ட. பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் வைத்துவிட்டு, செருப்பையும் சாவியையும் தேடும் நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் நினைத்த நேரம், ஆன நேரம் இரண்டையும் குறித்துவந்தால் எங்கே கணக்கு தப்புகிறது என்று புரியும்.

பில்லுக்குத் தானியங்கிக் கட்டணம் போட்டுவிடுங்கள். நினைவில் வைக்கப் பழக வேண்டிய அவசியமே இல்லை.

இனி, எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாக நடக்கும். புதுமை தீர்ந்ததும் அலாரம் காதில் விழாது, சுவரில் ஒட்டிய தாள் கண்ணில் படாது. ஏ.டி.எச்.டி.யில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான், நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். அலாரத்தின் ஒலியையும் தாளின் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம், முழுத் திட்டத்தையும் தூக்கி எறிய வேண்டாம். அடுத்தது வெட்கம். சொன்னதைச் செய்யாத வாரத்தில் கோச்சைச் சந்திக்கக் கூசி அமர்வைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு அப்படியே நின்றுவிடும். ‘எதுவும் செய்யாத வாரத்திலும் வருவேன்’ என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்க்க அந்த வாரம்தான் உதவும். ஒரே நேரத்தில் ஐந்து பழக்கங்களை மாற்ற இறங்குவதும் கூடாது. ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

கோச் என்று யார் வேண்டுமானாலும் தன்னை அழைத்துக்கொள்ள முடியும் என்பதால் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஏ.டி.எச்.டி.க்கெனப் பயிற்சி பெற்றவரா? அமர்வுகளுக்கு நடுவே எப்படித் தொடர்பில் இருப்பார்? மனச்சோர்வு தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவாரா? முழுமையாகக் குணமாக்குகிறேன் என்பவரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள்.

சான்றுகளையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) மீதுதான் உறுதியான ஆய்வுகள் உள்ளன. கோச்சிங் பற்றிய ஆய்வுகள் அளவில் சிறியவை. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் ஆழமாக இருந்தால் முதலில் அந்தச் சிகிச்சைக்குப் போங்கள். தொடர்ந்த சோகம், தூக்கமின்மை, மதுப் பழக்கம் இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே சரி. தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

கோச்சிங் தொடங்குமுன், வாரத்தில் எத்தனை நாள் நேரத்துக்குப் போனீர்கள் என்பது போன்ற ஓர் எண்ணைக் குறித்துவையுங்கள். 12 வாரம் கழித்து அது அசையவில்லை என்றால் கோச்சையோ முறையையோ மாற்றலாம். மாத்திரை எடுக்கும் நேரத்தையும் கோச்சிடம் சொல்லுங்கள். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சுமார் 4 மணி நேரமே தாங்கும், நீண்ட நேரம் செயல்படும் வகையும் உண்டு. கடினமான வேலையை அந்த நேரத்துக்குள் வைக்க வேண்டும். மாலையில்தான் எல்லாம் குலைகிறது என்றால் அளவை நீங்களாகக் கூட்டாமல், நீங்கள் குறித்துவைத்ததை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.