உளூ நீரை அளந்து பார்த்தால்

கேள்வி: இந்தோனேசிய மதரஸாக்களில் அறிவியலையும் மார்க்கக் கல்வியையும் இணைத்து, செயல்திட்டங்கள் வழியாகச் சுற்றுச்சூழல் அக்கறையை வளர்க்கிறார்கள் என்கிறார்கள். பாடத்தின் முடிவில் ஒரு குர்ஆன் வசனத்தைச் சேர்த்துச் சொல்வதிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?
– அறிவியல் ஆசிரியை ஒருவர்

பதில்: வசனத்தைக் கடைசியில் சேர்ப்பதால் மட்டும் இரண்டும் இணைந்துவிடுவதில்லை என்ற உங்கள் ஐயம் மிகச் சரியானது. அங்கே 2006-இல் தொடங்கிய 'அடிவியாத்தா' பசுமைப் பள்ளித் திட்டத்தில் மதரஸாக்களும் பங்கேற்கின்றன. 2022-இல் அறிமுகமான 'மெர்தேக்கா' பாடத்திட்டம், வளங்குன்றா வாழ்க்கைமுறையைச் செயல்திட்டக் கருப்பொருள்களுள் ஒன்றாக்கியது. கண்ட இடத்தில் குப்பை கொட்டுவது ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டது) என்று அந்நாட்டு உலமா (மார்க்க அறிஞர்) பேரவை 2014-இல் ஃபத்வாவே (மார்க்கத் தீர்ப்பே) வழங்கியிருக்கிறது.

ஆனால் அறிவியலும் மார்க்கமும் உண்மையிலேயே ஒரே கேள்வியில் சந்திக்க வேண்டுமானால், உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால்களைக் கழுவித் தூய்மை செய்தல்) நீரைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' (அரபு முகத்தல் அளவை) அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்பு நூல்களிலும் பதிவாகியுள்ளது. (ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் உண்டு என்னும் இப்னு மாஜா அறிவிப்பைப் பலரும் மேற்கோள் காட்டுவர், அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக அறிஞர் சிலர் கூறுவதால், முந்தையதையே வகுப்பில் முதன்மையாகக் கொள்வது நல்லது.) ஒரு முத்து என்பது 1 லிட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயை ஒன்றரை நிமிடம் திறந்துவைத்தால் 9 லிட்டர் போய்விடும். மாணவர்களே குழாயடியில் வாளி வைத்து, அளவுக்குவளையால் அளந்து, நாள்தோறும் குறித்து, சராசரி கண்டு, வரைபடம் வரையட்டும்.

அடுத்து, வடிந்த நீரை என்ன செய்வது என்ற கேள்வி தானாகவே எழும். அந்நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி (மார்க்கச் சட்ட மரபின்படி), கடமையான உளூவுக்குப் பயன்பட்ட சிறிதளவு நீர் தூய்மையானதே என்றாலும், அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய இயலாது. செடிகளுக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம். அந்நீரின் கலங்கல், அமில காரத்தன்மை ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதித்து, மணல், கரி, சரளை அடுக்கிய வடிகட்டி செய்து, வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது முழுமையான அறிவியல் பாடம். ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) ஆசிரியரும் அதே வாளியருகே நின்று தம் பாடத்தை நடத்தலாம்.

மதிப்பெண்ணை அழகிய சுவரொட்டிக்குத் தராதீர்கள். முதல் வாரத்தில் ஒருவருக்கு எத்தனை லிட்டர், ஆறாவது வாரத்தில் எத்தனை லிட்டர் என்ற கணக்கையும், குறையவில்லையென்றால் ஏன் குறையவில்லை என்று மாணவர் தரும் விளக்கத்தையும் பார்த்து வழங்குங்கள்.