கைப்பிரேக் இல்லை, ஸ்டெப்னி இல்லை: புது கார் வாங்கலாமா?

கேள்வி: பதினைந்து வருடங்களாக ஒரே காரை ஓட்டுகிறேன். கிளட்ச், கைப்பிரேக், சாவி போட்டுத் திருகுவது, ஏ.சி.க்குத் திருகு குமிழ் என்று எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. இப்போது காரை மாற்றலாம் என்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினால், இவற்றில் பாதி பல மாடல்களில் இல்லை. சிலவற்றில் ஸ்டெப்னிகூட இல்லை. பழைய அமைப்போடு மிச்சமிருக்கும் ஒரு மாடலை ஸ்டாக் தீர்வதற்குள் வாங்கிவிடவா, அல்லது புதியதற்குப் பழகிக்கொள்வதா?

பதில்: காணாமல் போனவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவலைப்பட வேண்டாம். சில ஒரு மாதத்தில் மறந்துபோகும். சில, கார் இருக்கும் வரை தொல்லை கொடுக்கும். உங்கள் பட்டியலில் கைப்பிரேக்கும் சாவியும் முதல் ரகம். ஸ்டெப்னியும் ஏ.சி. குமிழும் இரண்டாவது ரகம்.

குமிழிலிருந்தே தொடங்குகிறேன், அதைத்தான் ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. திருகு குமிழைப் பார்க்காமலே விரல் கண்டுபிடித்துவிடும். டச் ஸ்கிரீனில் அது முடியாது. ஒவ்வொரு முறையும் கண் சாலையை விட்டு இறங்கியாக வேண்டும். 2022இல் வீ பிலேகரே என்ற ஸ்வீடன் கார் பத்திரிகை இதை அளந்து பார்த்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலையைக் கூட்டுவது, ரேடியோ மாற்றுவது போன்ற சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் நிறைந்த 2005 வால்வோ வி70இல் 10 விநாடியில் வேலை முடிந்தது. அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீட்டர். மிக மோசமான டச் ஸ்கிரீன் காரில் 44.9 விநாடி, ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்கு அந்தக் கார்களோடு பழக முன்கூட்டியே நேரம் கொடுத்திருந்தார்கள். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ லிவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் தயக்கத்தை யாராவது கிண்டல் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து, முதலில் எது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பார்வையை முன்கண்ணாடிக்கு வெளியே வைத்துக்கொண்டு ஐந்து வேலை செய்யுங்கள்: கண்ணாடியில் படியும் பனிப்புகையை நீக்குவது, ஏ.சி.யைக் குறைப்பது, பாட்டின் ஒலியைக் குறைப்பது, வைப்பரை வேகப்படுத்துவது, ஹசார்ட் போடுவது. இதில் இரண்டு தவறினால் அந்த மாடலை விட்டுவிடுவேன், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

அடுத்தது ஸ்டெப்னி. கேட்டால் "பஞ்சர் கிட் இருக்கிறது சார்" என்பார்கள். அது ஒரு பாட்டில் பசையும் காற்றடிக்கும் சிறு பம்ப்பும்தான். டயரின் தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்திய சிறு ஓட்டையை அது அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்தாலோ பள்ளத்தில் மோதி ரிம் நெளிந்தாலோ பசை எதுவும் செய்யாது. வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பாட்டிலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. எனவே டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் வைக்கும் குழி காலியாக இருந்தால் ஸ்டெப்னியைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சில ஹைபிரிட் கார்களில் அந்த இடத்தை பேட்டரி பிடித்துக்கொண்டிருக்கும். அடிக்கடி இரவிலோ ஆளில்லாத சாலையிலோ போகிறவர் என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி கிடைத்தாலும் போதும், பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

லிவருக்குப் பதில் சுவிட்சை இழுத்தால் மோட்டார் பிரேக்கைப் பிடிக்கும் எலக்ட்ரானிக் கைப்பிரேக்குக்குப் பயப்பட வேண்டாம். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போது பழையதைவிட நிம்மதி. பல கார்களில் ஓடும்போது சுவிட்சை இழுத்துப் பிடித்தால் அவசர பிரேக்காகவும் வேலை செய்யும். ஆனால் பேட்டரி செத்துவிட்டால் பிரேக் விடாது, வண்டியைத் தள்ளவும் முடியாது. அதனால் ஜம்ப் கேபிளோ சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரோ டிக்கியில் இருக்கட்டும். இன்னொன்று: பின்பக்க பிரேக் பேட் மாற்றும்போது பல கார்களில் முதலில் சர்வீஸ் மோடில், அதாவது மோட்டார் தன் பிடியைத் தளர்த்தும் நிலையில், போட வேண்டும். அது தெரியாத மெக்கானிக் பிஸ்டனை வலுக்கட்டாயமாக அழுத்தினால் மோட்டார் கெட்டுப்போகும்.

சாவி விஷயம் சின்னது. பெரும்பாலான ரிமோட்டுக்குள் ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். ரிமோட் பேட்டரி தீர்ந்தால் அதை வைத்துக் கதவைத் திறப்பது எப்படி, ரிமோட்டை எங்கே ஒட்டிப் பிடித்தால் இன்ஜின் கிளம்பும் என்று டெலிவரி அன்றே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் எடுத்தால் கவனிக்க வேண்டியது உங்கள் இடதுகால். கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருகிறவர் மோதுவார். ஆளில்லாத மைதானத்தில், இடதுகாலை இருக்கைப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள்.

சரி, பழைய ஸ்டாக்கா புதிதா? ஐந்து வேலைச் சோதனையிலும் ஸ்டெப்னியிலும் தேறுகிற புது மாடல் ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் விடைபெறும் மாடலை வாங்குவதில் தப்பில்லை, ஒரு நிபந்தனையோடு: ஏர்பேக்கும், வழுக்கும்போது வண்டி தடம் மாறாமல் பிடித்து வைக்கும் ஈ.எஸ்.சி.யும் அதில் இருக்க வேண்டும். கைப்பிரேக் லிவருக்காக இவற்றை இழப்பது நஷ்டம். அப்புறம், ஸ்டாக் வண்டி என்றால் டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். யார்டில் எவ்வளவு நாள் வெயில் காய்ந்தது என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். பழசாக இருந்தால் புது டயரும் புது பேட்டரியும் போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.