ஊறினால்தான் ஊத்தை உருளும்

வாசகர் கேள்வி – பதில்

கொரிய நாடகங்களின் புண்ணியத்தாலும், அங்கே வேலைக்குப் போய் லீவில் வருகிறவர்களின் பயணப் பைகளாலும், உள்ளங்கை அளவான, உடம்பைத் தேய்க்கும் ஒரு பச்சைத் துணிப்பை கொழும்புக் குளியலறைகளுக்குள்ளும் வந்துவிட்டது. இம்முறைக் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே.

கேள்வி: தம்பி கொரியாவிலிருந்து கொண்டுவந்த பச்சைத் துவாயால், நன்றாகச் சவர்க்காரம் போட்டு அரை மணித்தியாலம் தேய்த்தேன். வீடியோக்களில் வருவதுபோல ஒன்றுமே உருண்டு வரவில்லை. தோல் எரிந்ததுதான் மிச்சம். துவாய் போலியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: துவாய் நல்லதுதான். சவர்க்காரம்தான் கெடுத்தது. அந்தத் துணி தோலைப் பற்றிப் பிடித்தால்தான் இறந்த தோல் திரண்டு வரும். சவர்க்காரம் போட்டதும் துணி வழுக்கிக்கொண்டு போகும். வழுக்குகிறதே என்று நீங்கள் இன்னும் அழுத்தியிருப்பீர்கள். எரிச்சல் அதனால் வந்தது.

கொரியர்கள் இதை ‘த்தேமிரி’ என்பார்கள். ‘த்தே’ என்றால் ஊத்தை. எங்கள் பேச்சில் இருக்கும் அதே ஊத்தைதான், அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அவர்களுடைய பொதுக் குளியல் கூடங்களில் முதலில் உடம்பைக் கழுவி, பிறகு சூடான தொட்டியில் ஊறி, அதற்குப் பிறகுதான் துவாயைக் கையில் எடுப்பார்கள். வேலையின் முக்கால் பங்கை ஊறல் செய்துவிடுகிறது. தோலின் மேலடுக்கு தண்ணீரை உறிஞ்சி உப்பி, கீழடுக்கை விட்டுத் தளரும். அப்படித் தளராத தோலை எந்தத் துவாயாலும் எடுக்க முடியாது, கீறத்தான் முடியும்.

வரிசை இதுதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். வியர்வையையும் பூசிய கிறீமையும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். எண்ணெய் பூசியிருந்தால் மட்டும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு, வழுக்கல் போகும்வரை அலசுங்கள். 38 முதல் 40 பாகை வரையான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறுங்கள். அதைவிடச் சூடு வேண்டாம், தலை சுற்றும்.

ஊறியது போதுமா என்று பார்க்க, பெருவிரலால் மணிக்கட்டின் உட்பக்கத்தை ஒருமுறை உரசுங்கள். சாம்பல் நிறத்தில் நூல் போல ஏதாவது திரண்டால் தயார். விரல் நுனி சுருங்கிவிட்டதே என்று எழும்பிவிடாதீர்கள். அந்தச் சுருக்கம் நரம்பின் வேலை. தோல் ஊறி முடிய முன்னரே அது வந்துவிடும்.

பிறகு உடம்பில் வழியும் தண்ணீரைக் கையால் வழித்துவிடுங்கள். தோல் ஈரமாக இருக்கலாம், சொட்டக்கூடாது. துவாயையும் நனைத்துப் பிழிந்து, கையை உள்ளே விட்டு, முன்கையில் தொடங்குங்கள். ஒரு சாண் நீளத்துக்கு இழுவை, பென்சில் எழுத்தை அழிறப்பரால் அழிக்கும்போது கொடுக்கும் அழுத்தம், அவ்வளவுதான். ஓரிடத்தில் எட்டுப் பத்து இழுவை. அழிறப்பர் தூள் போலவே சாம்பல் நிறச் சுருள்கள் வரும். அது நின்றதும் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். ஒரு சுருளும் வராமல் தோல் சிவந்தால், அந்த இடத்தில் எடுக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

முன்கை, மேற்கை, விலாப்பக்கம், வயிறு, கால்கள், கடைசியில் முதுகு. முழங்கையை மடித்து, தோல் இழுபட்டு நிற்கும்போது தேயுங்கள். தொய்ந்த தோலைத் தேய்த்தால் மடிப்பு விழுந்து கீறும். முகம், கழுத்தின் முன்பக்கம், மார்புக் காம்பு, மறைவிடம், மச்சம், புடைத்த நரம்பு ஆகியவற்றில் துவாய் படவே கூடாது. மொத்தத் தேய்ப்பும் 15 நிமிடத்துக்குள் முடியட்டும்.

பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரால் அலசி, வேண்டுமென்றால் வாசமில்லாத சவர்க்காரத்தை அக்குளிலும் காலிலும் மட்டும் போடுங்கள். ஒற்றித் துடைத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே லோஷன் பூசுங்கள். இரவில் செய்வது நல்லது. அடுத்த நாள் பகல் வெயிலில் நிற்கும் வேலையும், கடலில் குளிப்பும் வேண்டாம். உப்புத்தண்ணீர் பட்டால் தெரியும் சங்கதி.

கேள்வி: ஊறச் சொல்கிறீர்கள். எங்கள் தொடர்மாடி வீட்டில் ஒரு ஷவரும் ஒரு வாளியும்தான். ஹீட்டரும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தொட்டி இல்லாமலும் ஊறலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். வாளியில் முதலில் 10 லீற்றர் குழாய்த் தண்ணீரை எடுங்கள். கேத்தலில் கொதித்த 2 லீற்றரை அதில் ஊற்றிக் கலக்குங்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் சுமார் 28 பாகை இருந்தால், இந்தக் கலவை 40 பாகைக்கு வரும். மொட்டைமாடித் தாங்கி வெயிலில் காய்ந்த பின்னேர வேளையென்றால் ஒன்றரை லீற்றர் கொதிநீரே போதும். குளிர்ந்த தண்ணீர் முதல், கொதிநீர் பிறகு. ஒழுங்கை மாற்றினால் தெறித்துச் சுடும். கையால் பார்க்காமல் முழங்கையால் சூடு பாருங்கள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்து, கால்களைச் சுடுதண்ணீர் உள்ள பேசினில் வையுங்கள். பெரிய பருத்தித் துவாய் ஒன்றை வாளியில் நனைத்துத் தோளிலிருந்து முழங்கால்வரை போர்த்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை சுடுதண்ணீரைத் துவாயின் மேல் ஊற்றிக்கொண்டிருங்கள். துவாய் ஆறவிடக்கூடாது, அதுதான் சூட்சுமம். 20 நிமிடம் பிடிக்கும். இரண்டு வாளியோடு முழுக் காரியமும் முடிந்துவிடும்.

இதுவும் சரிவராது என்றால் உடம்பைப் பங்கு போடுங்கள். இன்றைக்குக் கால், அடுத்த கிழமை கை. ஒரே நாளில் முழு உடம்பையும் உரித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தனியாக இருக்கும் வயதானவர்கள் கதவைப் பூட்ட வேண்டாம். சூட்டில் இருந்து சட்டென்று எழும்பினால் மயக்கம் வரலாம்.

கேள்வி: உருண்டு வருவது உண்மையில் ஊத்தையா, தோலா? நாளுக்கு இரண்டு தரம் குளிக்கிற என் உடம்பில் இவ்வளவு ஊத்தையா என்று வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, மட்டக்குளி

பதில்: வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பகுதி இறந்த தோல். கொஞ்சம் எண்ணெய்ப்பசையும், வியர்வை உப்பும், தூசியும் சேர்ந்திருக்கும். மேல்தோல் சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், பழையது தானாக உதிரும். அன்றாடக் குளிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் போவதை இந்தத் துணி திரட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நல்ல தோலைத் தேய்த்துக்கொண்டே போனாலும் ஏதாவது உருளத்தான் செய்யும். ‘இன்னும் வருகிறதே’ என்று துரத்திப் போகிறவர்கள்தான் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: நாலு மாதமாகக் கிழமைக்கு ஒருமுறை தேய்க்கிறேன். மினுமினுப்பு வரும் என்றார்கள். இப்போது தோள்பட்டையிலும் முதுகின் மேற்பகுதியிலும் சாம்பல் கறுப்பாகப் படர்ந்திருக்கிறது. இன்னும் ஊத்தை இருக்கிறது என்று அழுத்தித் தேய்த்தால் கூடுகிறது.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். அது ஊத்தை அல்ல, தேய்ப்பு செய்த கறுப்பு. எங்களைப் போன்ற மாநிறத் தோலில் எந்தச் சிறு காயமும் அழற்சியும் ஆறும்போது நிறமியை விட்டுவிட்டுப் போகும். நுளம்புக் கடி தழும்பு மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. தோலுக்குக் கீழே நேரே எலும்பு நிற்கும் தோள்பட்டை, காறை எலும்பு, முன்னங்கால் போன்ற இடங்களில் இது முதலில் வரும், ஏனென்றால் துணிக்கும் எலும்புக்கும் நடுவில் தோல் நசுங்குகிறது. நைலோன் துணியாலோ பிரஷ்ஷாலோ வருடக்கணக்கில் தேய்ப்பவர்களுக்கு முதுகில் அலையலையாகச் சாம்பல் கறுப்பு படிவதும் உண்டு. அது இலகுவில் போகாது.

கொரியாவில் கிழமைக்கு ஒருமுறை தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு எங்களுக்கு வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை தாராளம், தடித்த முழங்கைக்கும் குதிக்காலுக்கும் வேண்டுமானால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. கறுத்த இடத்தில் கையால் மட்டும் சவர்க்காரம் போட்டு, குளித்த கையோடு லோஷன் பூசுங்கள். வெயில் படும் இடமென்றால் சன்ஸ்கிறீன். வெளிறுவதற்கு மாதங்கள் எடுக்கும். கடைகளில் பெயர் ஊர் இல்லாத டப்பாவில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களுக்கு மட்டும் போகாதீர்கள். அப்படியானவற்றில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் இருக்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் குறையாவிட்டாலோ, கடி இருந்தாலோ தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய வைத்தியசாலையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: கொரியத் துவாய்க்கு ஏன் ‘இத்தாலித் துவாய்’ என்று பெயர்? ஒன்றை எவ்வளவு காலம் பாவிக்கலாம்?
– வாசகர், தெஹிவளை

பதில்: துணி இத்தாலியில் இருந்து வந்ததால். 1960களில் பூசான் நகரில், இத்தாலியில் இருந்து இறக்கிய விஸ்கோஸ் ரேயோன் துணியைப் பை போலத் தைத்து விற்கத் தொடங்கினார்கள். முறுக்கேறிய நூலில் நெய்த சொரசொரத் துணி அது. உடுப்புக்கு உதவாத சொரசொரப்பு, முதுகுக்கு உதவிற்று. இத்தாலியர்களுக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

துணியில் குறுக்கே ஓடும் நெளிவுகள்தான் வேலை செய்பவை. அவை தட்டையாகி, துணி வழவழத்தால் தூக்கிப்போடுங்கள். பாவித்ததும் சவர்க்காரத்தால் கழுவி, உட்பக்கத்தை வெளியே புரட்டி, குளியலறைக்கு வெளியே காற்றும் வெயிலும் படும் இடத்தில் காயப்போடுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் குளியலறைக் கொளுவியிலேயே தொங்கவிட்டால் இரண்டு நாளில் மணக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ரேயோன் ஈரத்தில் பலம் குறைந்தது, முறுக்கிப் பிழியாமல் அமுக்கிப் பிழியுங்கள். வீட்டில் ஆளுக்கொன்று வேண்டும். படை, பாலுண்ணி எல்லாம் ஒரு துவாயில் ஏறி அடுத்தவருக்குப் போகும்.

கேள்வி: அம்மம்மா காலத்துப் பயற்றம்மாவை விட்டுவிட்டு ஏன் இந்த அந்நியத் துணி?
– வாசகர், ஆமர் வீதி

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் கொரியருடைய அம்மம்மாமாரும் பயறுதான் தேய்த்தார்கள்! பாசிப்பயறையும் செம்பயறையும் அரைத்த ‘ஜோது’ என்ற மாவால் முகமும் உடம்பும் கழுவுவது பழைய கொரிய வழக்கம். பச்சைத் துவாய் நேற்று வந்தது. சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் ‘தானோ’ பண்டிகைக்குப் பெண்கள் ‘சாங்போ’ அவித்த தண்ணீரில் தலை முழுகுவார்கள். அந்தச் சாங்போ வேறொன்றுமில்லை, எங்கள் வசம்புதான். சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்து முழுகும் எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயற்றம்மா துவாயைவிட மென்மையானது. தோலை உரிக்காது, எண்ணெய்ப்பசையை எடுக்கும். கறுத்துப் போகும் தோலுள்ளவர்களுக்கு நாங்கள் அதைத்தான் சொல்வோம். பணியாரத்துக்கு வறுத்த மாவை எடுக்காமல், பச்சைப் பயறை வெயிலில் காயவைத்து அரைத்து, மெல்லிய அரிதட்டில் இரண்டு தரம் அரியுங்கள். கப்பி நின்றால் கீறும். உடம்புக்கு மூன்று மேசைக்கரண்டி, தண்ணீரில் கூழாகக் குழைத்தது போதும். காயவிட்டு உரசாமல் ஈரத்தோடு கழுவுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் வடிகால் வாயில் ஒரு வலை போடுங்கள். மா குழாயில் தங்கி அடைத்தால் கீழ்வீட்டார் உங்களைத் தேடி வருவார்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம், மகளுக்கு ஆறு வயது. இருவருக்கும் தேய்க்கலாமா?
– வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: இருவருக்கும் வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடும் தெரியாது, கீறலும் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். மகளுக்குப் பருத்தித் துணி போதும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கரப்பானோ சொரியாசிஸோ உள்ளவர்கள், முகப்பருவுக்கு ரெட்டினோயிட் மருந்து எடுப்பவர்கள், அன்றைக்கே மயிர் மழித்தவர்கள், இவர்களும் தள்ளி நிற்கட்டும்.

கேள்வி: குளித்து முடிந்ததும் கொரியர்களைப் போல வாழைப்பழப் பால் குடிக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், வத்தளை

பதில்: தோலுக்கு அதில் ஒன்றுமில்லை. 1974 இல் வந்த, குடம் போல வயிறு பருத்த போத்தலில் அடைத்த பால் அது. குளியல் கூடத்துக்கு வர அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கொரியத் தாய்மார் கொடுக்கும் கைக்கூலி என்றே சொல்லலாம். சூட்டில் வியர்த்த உடம்புக்கு வேண்டியது இரண்டு குவளை தண்ணீர். ஆசையாக இருந்தால் ஒரு கோழிக்கூட்டுப் பழத்தைக் குளிர்ந்த பாலோடு அடித்துக் குடியுங்கள். சீனி போடாதீர்கள், பழமே போதிய இனிப்பு.