அம்பயரைக் கேளுங்கள்: கபில்தேவ் கொடுத்த இரண்டு ரன்

சென்னை லீக் ஆட்டங்களில் 26 ஆண்டுகள் வெள்ளைக் கோட்டுடன் நின்ற அம்பயர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அந்தக் காலத்துக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினால் என் அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். இப்போது ஹெல்மெட் வார் அறுந்துபோன இலங்கையின் மேத்யூஸையே அவுட் கேட்டு அனுப்புகிறார்கள். தொழில்முறைக் கிரிக்கெட்டில் பெருந்தன்மை செத்துவிட்டதா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அப்பாவுக்கு என் வணக்கம். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவருக்கு மறந்துபோயிருக்கும்.

1882ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் சாமி ஜோன்ஸ் பிட்ச்சைத் தட்டிவிடக் கிரீஸை விட்டு நகர்ந்தபோது, ஸ்டம்பைத் தட்டி அவுட் கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, இங்கிலாந்தின் டபிள்யூ.ஜி. கிரேஸ். அந்தக் கோபத்தோடு பந்து வீசிய ஸ்பாஃபோர்த் ஆட்டத்தில் 14 விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 7 ரன்னில் தோற்றது, இரு நாடுகளும் மோதும் ஆஷஸ் பிறந்தது. உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய 'பாடிலைன்' தொடரில், 1933 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்தின் லார்வுட் பந்து ஆஸ்திரேலியக் கேப்டன் வுட்ஃபுல்லின் நெஞ்சில் பட்டது, ஓல்ட்ஃபீல்டின் மண்டையில் எலும்பு முறிந்தது. 1977 ஜனவரியில் நம் சேப்பாக்கத்திலேயே ஒரு சண்டை. இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப் பட்டையை ஒட்டிக்கொண்டு பந்து போட்டார், அது பந்தைப் பளபளக்க வைக்கத்தான் என்று இந்தியக் கேப்டன் பேடி கொதித்தார். 1981ல் மெல்போர்னில் கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்யவே நியூசிலாந்துக்கு 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டனான அண்ணன் கிரெக் சாப்பல் சொல்ல, தம்பி ட்ரெவர் சாப்பல் பந்தைத் தரையோடு தரையாக உருட்டிவிட்டார். இதெல்லாமும் அந்தக் காலம்தான்.

சரி, அப்பாவின் கண் ஏன் கலங்குகிறது? அதற்கும் காரணம் இருக்கிறது. எனக்கும் ஒரு நாள் இருக்கிறது, 1987 அக்டோபர் 9. உலகக் கோப்பை, சேப்பாக்கம், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். சிமென்ட் படியில் விரித்த செய்தித்தாளின் மேல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஆஸ்திரேலியா பேட்டிங். மனிந்தர் சிங் பந்தை டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்ததா, அந்தப் பக்கம் விழுந்ததா? எங்கள் ஸ்டாண்டிலேயே இரண்டு கட்சி. எல்லையில் நின்ற ரவி சாஸ்திரி பவுண்டரி என்று காட்டினார், அம்பயரும் நான்கு ரன் கொடுத்தார். இன்னிங்ஸ் முடிந்தபோது பலகையில் 268.

இடைவேளையில் நான் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆஸ்திரேலியர்கள் அது சிக்ஸர் என்று முறையிட்டிருக்கிறார்கள். பேச்சு நம் கேப்டன் கபில்தேவிடம் வந்தது. அவர் சம்மதித்தார். தலையை நிமிர்த்திப் பார்த்தால் பலகையில் 270. பக்கத்தில் இருந்த பெரியவர், 'இரண்டு ரன்தானே, ஸ்ரீகாந்த் பார்த்துப்பான்' என்றார். ஸ்ரீகாந்த் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார், 70 அடித்தார். சித்து 73. அப்புறம் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி சரிந்தோம். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் ஸ்டீவ் வா, மனிந்தரின் ஸ்டம்பைப் பெயர்த்தார். இந்தியா 269. ஒரு ரன்னில் தோல்வி.

அன்று கபில் 'முடியாது, அம்பயர் கொடுத்தது கொடுத்ததுதான்' என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைத் தப்புச் சொல்லியிருக்க முடியாது. சரியாக ஒரு வாரம் கழித்து லாகூரில் வெஸ்ட் இண்டீஸ் பவுலர் கோர்ட்னி வால்ஷும் இப்படித்தான். பந்து போடும் முன்பே ஓடிய பாகிஸ்தானின் சலீம் ஜாஃபரை ரன் அவுட் செய்யாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். வெஸ்ட் இண்டீஸ் தோற்றது, அரையிறுதிக்கும் போகவில்லை.

இப்போது என் கேள்வி. இன்றைக்கு ஜோன்ஸ் அதே ஷாட்டை அடித்தால் கபிலிடம் யார் கேட்பார்கள்? மூன்றாவது அம்பயர் நாலு கோணத்தில் எல்லைக் கயிற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பார், பெரிய திரையில் 'சிக்ஸ்' என்று வரும், முடிந்தது. கேட்ச் தரையில் பட்டதா என்று ஃபீல்டரைக் கேட்டு அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. இன்று அது நடக்காது. 2023 ஜூனில் மூன்றாவது அம்பயரிடம் போகும் முன் களத்து அம்பயர் தன் உத்தேசத்தைச் சொல்லும் 'சாஃப்ட் சிக்னலை'யே ஐ.சி.சி. எடுத்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம் இல்லை, தீர்ப்புகள் முன்னைவிடச் சரியாக வருகின்றன. ஆனால் ஆட்டக்காரனிடம் 'நீ சொல்லு' என்று கேட்கும் வழக்கம் போய்விட்டது. கேட்காத இடத்தில் அவன் எங்கே போய்ப் பெருந்தன்மை காட்டுவான்?

கேட்கும் சந்தர்ப்பம் மிச்சமிருக்கிற ஓரிரண்டு இடங்களில் ஒன்றுதான் உங்கள் மேத்யூஸ் விவகாரம். 2023 நவம்பர் 6, டெல்லி. உலகக் கோப்பை விதிப்படி இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த பேட்ஸ்மேன் பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்பீலை வாபஸ் வாங்குகிறீர்களா என்று அம்பயர்கள் வங்கதேசக் கேப்டன் ஷகிப்பைக் கேட்டார்கள். அவர் வாங்கவில்லை. சர்வதேச ஆட்டத்தில் நேரம் தாண்டியதற்காக 'டைம்ட் அவுட்' ஆன முதல் ஆள் என்று மேத்யூஸ் பெயர் ஏட்டில் ஏறியது. விதிப்படி நானும் விரலைத் தூக்கியிருப்பேன். ஆனால் அறுந்த வாரைக் கையில் பிடித்துக் காட்டுகிறவனைப் பார்த்த பிறகும் அந்த அப்பீலை வைத்துக்கொண்டிருக்க என் மனசு இடம் கொடுக்காது. ஷகிப் இடத்தில் நான் இல்லை, அதனால் சுலபமாகச் சொல்கிறேன்.

கேள்வி: அஸ்வின் எங்கள் ஊர்ப் பிள்ளை என்பதால் கேட்கிறேன். பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை அவர் 'மன்கட்' முறையில் ரன் அவுட் செய்தது சரியா?
(வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: சரி. எங்கள் ஊர்ப் பிள்ளை என்பதால் சொல்லவில்லை.

பந்து வீசும் முனையில் நிற்கிற அம்பயருக்குத் தெரியும், தன் பக்கத்தில் நிற்கும் பேட்ஸ்மேனான நான்-ஸ்ட்ரைக்கர் எத்தனை அடி திருடுகிறார் என்று. பவுலர் கோட்டை ஓர் அங்குலம் தாண்டினால் நோபால். அதே முனையில் ஒருவர் மூன்றடி தாண்டி ஓடினால் மட்டும் பழக்கதோஷமா? இந்தப் பெயர் வரக் காரணமான இந்திய பவுலர் வினூ மன்கட் 1947ல் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை சிட்னி டெஸ்ட்டில் ரன் அவுட் செய்தார். அதற்கு முன் அதே சுற்றுப்பயணத்தின் வேறொரு ஆட்டத்தில் எச்சரித்துவிட்டு, அங்கேயும் ஒருமுறை அவுட் செய்திருந்தார். பிரவுன் கேட்கவில்லை. எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று எழுதினார். அப்படியும் பழி, ஓடியவர் பெயரில் ஒட்டாமல் பிடித்தவர் பெயரில் ஒட்டிக்கொண்டது பாருங்கள். 2022 அக்டோபர் 1 முதல், கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்பான எம்.சி.சி. இதை 'முறையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியில் சேர்த்துவிட்டது.

இன்னொன்று. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் பட்லர் முறைத்துக்கொண்டே போனாரே, 2022ல் இருவரும் ஒரே ராஜஸ்தான் சட்டையில் ஆடினார்கள். ஐ.பி.எல். பணம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்த வருஷம் ஏலத்தில் ஒரே பேருந்தில் ஏறவேண்டிய ஆளைத் தாய் தகப்பனை இழுத்து யார் திட்டுவார்?

கேள்வி: 'ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்' என்கிறார்களே, அது சட்டத்தில் எழுதியிருக்கிறதா, சும்மா பேச்சா?
(வாசகர், ஈரோடு)

பதில்: எழுதியிருக்கிறது. 2000ல் எம்.சி.சி. விதிப்புத்தகத்தின் முகவுரையாகச் சேர்த்தது, முன்னாள் இங்கிலாந்துக் கேப்டன் காலின் கவுட்ரி முயற்சி. அதே எம்.சி.சி.யின் வீடான லார்ட்ஸில், 2023 ஜூலை 2 அன்று, ஓவர் முடிந்துவிட்டதாக நினைத்துக் கிரீஸை விட்டு நடந்த இங்கிலாந்தின் பேர்ஸ்டோவை ஆஸ்திரேலியக் கீப்பர் அலெக்ஸ் கேரி பந்தை எறிந்து ஸ்டம்பிங் செய்தார். விதிப்படி சுத்தமான அவுட். மதிய இடைவேளைக்கு லாங் ரூம் வழியாக உள்ளே போன ஆஸ்திரேலியர்களை, கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிய உறுப்பினர்கள் வசை பாடினார்கள். மூன்று பேரை எம்.சி.சி. இடைநீக்கம் செய்தது. முகவுரையை அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: 2025 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுடன் கை குலுக்காதது பற்றி?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அரசும் வாரியமும் சேர்ந்த விஷயம் அது. பதினோரு பேரின் பெருந்தன்மையை அதை வைத்து அளக்க மாட்டேன். 1999 ஜனவரி 31ல் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்று, தொண்டை அடைக்க எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டினோமே, அந்தச் சேப்பாக்கத்து ஸ்டாண்டில் நானும் இருந்தேன். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி: பேட்டின் ஓரத்தில் நிக் பட்டதும், அம்பயர் விரலைத் தூக்கும் முன்பே தானாக நடந்து போகிறவர்களைத்தானே அம்பயர்களுக்குப் பிடிக்கும்?
(வாசகர், சேலம்)

பதில்: ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் நடந்தாரே, அந்த மாதிரி ஆளைப் பிடிக்கும். எண்பது அடித்த பிறகு நடந்து நல்ல பெயர் வாங்கி, சைபரில் இருக்கும்போது அந்தப் பெயரை வைத்து நிற்கிறவர்கள் லீக்கில் உண்டு. 'இவர் நிற்கிறார் என்றால் பட்டிருக்காது' என்று நானும் ஏமாந்திருக்கிறேன். அதற்கு எப்போதுமே நிற்கிறவர் தேவலை.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பேட்டில் பட்டாலும் அம்பயர் கை தூக்கும்வரை நில் என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கிறார். நான் தலையிடலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: ஒரு சம்பவம் சொல்கிறேன். நாலாவது டிவிஷன் ஆட்டம், மேட்டிங் விக்கெட். விக்கெட் கீப்பர் ஒரு பையன் கேட்ச் என்று தொண்டை கிழிய அப்பீல் செய்தான், நான் விரலைத் தூக்கிவிட்டேன். பேட்ஸ்மேன் ஒரு கணம் பேடைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கீப்பர் எலுமிச்சை சாதத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, 'சார், அது பேடுல பட்டது' என்றான்.

'அப்புறம் ஏண்டா கத்தினே?'

'நீங்க கொடுத்துடுவீங்கன்னு நினைக்கல சார்.'

பேட்ஸ்மேனைத் திருப்பிக் கூப்பிட முடியாது, அடுத்த ஆள் அரை மணி நேரம் ஆடியாகிவிட்டது. அவுட் ஆனவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். 'விடுங்க சார், ரசம் நல்லாயிருக்கு, சாப்பிடுங்க' என்றான்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நிற்பது விதிக்கு உட்பட்டதுதான், தீர்ப்பு சொல்வது அம்பயர் வேலை. ஆனால் ஆட்டம் முடிந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, 'பட்டதாடா?' என்று ஒரு தடவை கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.