டாப்-அப் லோன் போட்டு காருக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: வயது 38. மடிப்பாக்கத்தில் குடியிருக்கிறேன், கிண்டியில் தனியார் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. ஆறு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கிய ஹேட்ச்பேக் காரைத் தெருவில் மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். பானெட்டும் கூரையும் மங்கிவிட்டன. இடது பக்கக் கதவிலும் பின் சக்கரத்துக்கு மேலேயும் ஆழமான கீறல், தகடு தெரிகிறது. தை மாதம் மச்சினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கார்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மைத்துனரின் நண்பர் ஓஎம்ஆரில் காரை மெருகேற்றும் டீடெய்லிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முழு பெயிண்டுக்கு 70,000, மேலே பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் படலம்) ஒட்ட 90,000 என்கிறார். பெயிண்ட் மட்டும் அடிக்கலாமா, இருப்பதன் மேல் கோட்டிங் போதுமா, இரண்டும் செய்யலாமா? ஐந்து வருடத்துக்கு வாங்கிய கார் கடனில் 2.40 லட்சம் பாக்கி, வட்டி 14%, மாதம் 10,100 வீதம் இன்னும் 28 மாதம். வங்கி அதன் மேல் 1.60 லட்சம் டாப்-அப் (கூடுதல் கடன்) தருகிறது. எல்லாம் சேர்த்து 5 வருடத்துக்கு மாற்றினால் இஎம்ஐ 9,300 ஆகக் குறைகிறது. முன்பே இரண்டு முறை டாப்-அப் எடுத்தேன், மைத்துனர் பைக்குக்கு ஒன்று, மாமனார் வீட்டு மாடிக்கு ஒன்று. இன்ஷூரன்ஸில் இதுவரை கிளெய்ம் செய்ததில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெயிண்டுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த 9,300.

இஎம்ஐ குறைகிறது என்ற வரியை நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். வங்கியும் அந்த நிம்மதியைத்தான் விற்கிறது. கணக்கை ஒருமுறை தாளில் போடுங்கள். முதல் 28 மாதம் மாதத்துக்கு 800 ரூபாய் மிச்சம், மொத்தம் 22,400. 29வது மாதம் முதல், பழைய கடன் முடிந்து நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டியிராத காலத்தில், 32 மாதம் 9,300 வீதம் கட்டுவீர்கள். அது 2,97,600. கழித்தால் சுமார் 2.75 லட்சம். ஸ்டுடியோக்காரர் சொன்ன 1.60 லட்சம் உங்களுக்கு 2.75 லட்சமாக விழுகிறது. டாப்-அப்புக்கான செயலாக்கக் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

கடைசித் தவணை கட்டும்போது காருக்கு 11 வயது. பிபிஎஃப்-க்கு எத்தனை ஆண்டு வாரன்டி என்று கேட்டுப் பாருங்கள். 5 ஆண்டு என்றால் கடனும் படலமும் ஒரே மாதத்தில் முடியும். அப்போது நாலாவது டாப்-அப்புக்கு போன் வரும், நீங்களும் எடுப்பீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கார் கடன் போன வருடமே முடிந்திருக்க வேண்டிய ஐந்து வருடக் கடன். இன்றைக்கு நிற்கும் 2.40 லட்சத்தில் காருக்காக வாங்கியது ஒரு ரூபாய்கூட இல்லை. முழுக்க பைக்கும் மாடியும்தான். பைக்கை மைத்துனர் ஓட்டுகிறார், மாடிக்கு வாடகை வந்தால் மாமனாருக்குப் போகிறது, ஆர்சி புத்தகத்தில் வங்கி பெயரோடு இருப்பது உங்கள் கார். உறவுக்குச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. கையில் இருப்பதைக் கொடுப்பது வேறு. கேட்டபோதெல்லாம் காரைக் காட்டிக் கடன் வாங்கிக் கொடுப்பது வேறு. இரண்டாவதில், உங்களால் எவ்வளவு முடியும் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, வங்கி முடிவு செய்கிறது. இந்த முறை யாரும் வாய்விட்டுப் பணம் கேட்கக்கூட இல்லை. 'நம்ம கார்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னார்கள், நீங்களே 1.60 லட்சத்துக்குத் தயாராகிவிட்டீர்கள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு சாயங்காலத்துக்கு நல்ல காரை வாடகைக்கு எடுங்கள். சில ஆயிரத்தில் முடியும். செலவை உங்கள் மொய்யாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பூ அலங்காரம் செய்பவர்கள் பானெட்டில் டேப் ஒட்டித்தான் மாலையைக் கட்டுவார்கள். புது பெயிண்ட் அடித்த கையோடு அதைச் செய்தால் உரிக்கும்போது என்ன ஆகும் என்று ஸ்டுடியோக்காரரையே கேளுங்கள்.

சரி, பெயிண்ட்.

உங்கள் காரில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. தகடு தெரியும் கீறல் உடனே கவனிக்க வேண்டியது. சென்னையின் உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து அந்த இடத்தில் துருவைக் கிளப்பும், துரு ஓரங்களில் பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். இதற்கு டிங்கரிங், பெயிண்டிங்தான் வழி. ஒரு பேனலுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் இரண்டுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 11,800. துருவைச் சுத்தமாகத் தேய்த்து பிரைமர் அடித்த பிறகுதான் நிறம் ஏற்ற வேண்டும். மேலே பட்டி வைத்து மூடினால் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் வரும்.

பானெட்டும் கூரையும் மங்கியது அந்த அளவுக்கு அவசரமில்லை. நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் கனம்தான். வெயில், பறவை எச்சம், போர் தண்ணீரின் உப்புக்கறை, காலையில் ஒரே வாளித் தண்ணீரில் நாலு கார் துடைக்கிற துணியின் மண், எல்லாம் அதைத்தான் தின்கின்றன. வெறும் மங்கல் என்றால் பாலிஷில் பெருமளவு திரும்பும், சில ஆயிரம் ஆகும். அந்த பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்துத்தான் பளபளப்பைக் கொண்டுவருகிறது, அதனால் வருடா வருடம் செய்யாதீர்கள். தோல் உரிவதுபோல் வெள்ளையாகப் பெயர்ந்திருந்தால் பாலிஷும் உதவாது, கோட்டிங்கும் உதவாது. அந்த பேனலை மட்டும் அடிக்க வேண்டும். அதுவும் பணம் சேர்ந்த பிறகு.

ஸ்டுடியோக்கள் இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான் கனமுள்ள பூச்சு. தண்ணீர் வழிந்தோடும், அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், அவ்வளவுதான். '9எச் கடினம்' என்று சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, வைரத்தின் கடினத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லையோ, சந்தில் உரசும் பைக் ஹேண்டிலையோ அது தடுக்காது. இருக்கிற குறையையும் மறைக்காது. பிபிஎஃப் அப்படியில்லை. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள யூரித்தேன் படலம், சின்னக் கல்லடியை உண்மையிலேயே தாங்கும். ஆனால் அது புதுக் காரின் கம்பெனி பெயிண்டுக்கு ஏற்ற சரக்கு. மறுபடி அடித்த பெயிண்ட் சரியாகப் பிடித்திருக்காவிட்டால் பின்னால் படலத்தை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். அந்த 90,000 காரின் மறுவிற்பனை விலையிலும் ஏறாது.

முழு பெயிண்ட் விலையை இறக்கவும் செய்யும். பழைய கார் வாங்க வருபவர் பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியோடு வருகிறார். எல்லா பேனலிலும் அளவு ஏறியிருந்தால் அவர் முதலில் நினைப்பது விபத்து. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் பார்த்த ஊரில், அதுவும் மடிப்பாக்கத்துக் கார் என்றால், அடுத்து நினைப்பது வெள்ளம். இரண்டு பேனல் அடித்ததற்கு பில் காட்டினால் யாரும் மிரள மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸில் போடலாமே என்று மைத்துனர் சொல்லலாம். போடலாம், மிஞ்சுவது சொற்பம். 11,800 பில்லில் கால் பங்கு பெயிண்ட் பொருள் என்று எடுத்து அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இல்லாவிட்டால். 1,475 போயிற்று. 1,500 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. இரண்டு கீறலும் வெவ்வேறு சம்பவம் என்றால் இரண்டு கிளெய்ம், இன்னொரு 1,000. கைக்கு 8,325 முதல் 9,325 வரை வரும். மறுபக்கம், கிளெய்ம் செய்யாமல் சேர்த்த 50% நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, பூஜ்யமாகி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஐந்து வருடத்தில் இழப்பது மொத்தம் 125%. ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 7,000 என்றால் 8,750. வருடா வருடம் பிரீமியம் இறங்குவதால் ஏழெட்டாயிரம் என்று வையுங்கள். இந்த ஆயிரம் ரூபாய்க்காக போனஸை உடைக்க வேண்டாம். பெரிய அடி விழும் நாளுக்கு வைத்திருங்கள்.

ஆக இப்போது செலவு 11,800, கொஞ்சம் பாலிஷ், ஒரு நாள் வாடகைக் கார். இரண்டு மாதச் சம்பளத்தில் அடங்கும், கடன் வேண்டாம். ஸ்டுடியோ நண்பரிடமே அந்த இரண்டு பேனலைக் கொடுங்கள், மைத்துனருக்கும் மரியாதை. கார் துடைக்க வரும் தம்பியிடம் மைக்ரோஃபைபர் துணியும் இரண்டு வாளியும் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். தூசியோடு கவர் போட்டு மூடாதீர்கள், கவரே கீறும். மரத்தடியை விட்டு வெயிலில் நிறுத்தலாமா என்றால், எச்சத்தை அன்றன்றைக்குத் துடைக்க முடிந்தால் நிழலே நல்லது.

வங்கி மறுபடி கூப்பிட்டால் டாப்-அப் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடனை முழுதாக அடைக்க இன்றைய தொகை எவ்வளவு, முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணம் குறைவாக இருந்தால் வருகிற போனஸ் எதுவாக இருந்தாலும் அதில் போடுங்கள், 14% வட்டியை மிச்சம் பிடிப்பதைவிட நல்ல முதலீடு உங்களுக்கு இப்போது இல்லை. கடன் முடிந்த அன்றே வங்கியிடம் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியிலிருந்து வங்கி பெயரை நீக்குங்கள், இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் மாற்றச் சொல்லுங்கள். என்ஓசிக்குக் காலக்கெடு உண்டு, அலமாரியில் வைத்துவிட்டு மறந்தால் மறுபடி வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கும்.